நள்ளிரவு விமானமும் ஓயாத குழந்தையும்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறை நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பயணம் பற்றியவை கூடிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றுள் நான்கு கடிதங்கள் ஏறக்குறைய ஒரே கவலையைச் சொல்கின்றன. விமானம் இரவு வெகுநேரம் கழித்துத்தான், கையில் இரண்டு மூன்று வயதுக் குழந்தை, ஊரோ பழக்கமில்லாதது, அதுவரை பொழுதை எப்படிக் கழிப்பது? ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் கணவர் தோஹாவில் வேலை பார்க்கிறார். நானும் எங்கள் மகனும் முதன்முறையாக அவரிடம் போகிறோம். மகனுக்கு இரண்டே கால் வயது. கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் கிளம்பி, விடியற்காலை ஐந்து மணிவாக்கில் எழும்பூரில் இறங்குவோம். விமானம் அன்றிரவு 1.50 மணிக்கு. அப்பாவும் அம்மாவும் விமான நிலைய வாசல் வரை வருகிறார்கள். சென்னையில் எங்களுக்கு உறவினர் வீடு கிடையாது. இருபது மணி நேரத்தைக் கழிக்க வேண்டுமே என்று அப்பா வண்டலூர், மெரினா, தியாகராய நகர் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். ஓரிடத்தில் நிற்காத பிள்ளையை வைத்துக்கொண்டு இத்தனையும் முடியுமா என்று எனக்கு மலைப்பாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசுமுன் உங்கள் டிக்கெட்டில் உள்ள தேதியை ஒருமுறை பாருங்கள். 15ஆம் தேதி 1.50 என்று அச்சாகியிருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14ஆம் தேதி இரவு. "அன்றிரவு 1.50" என்று நாம் பேச்சில் சொல்வதும், நள்ளிரவு பன்னிரண்டுக்கே தேதியை மாற்றிவிடும் டிக்கெட்டின் கணக்கும் ஒன்றல்ல. இதில் ஒருநாள் பிசகி, மூட்டை முடிச்சுகளோடு மறுநாள் இரவு வந்து நின்ற குடும்பங்களை நான் அறிவேன். ரயில் டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று இப்போதே அப்பாவை உட்காரவைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது அறை. எவ்வளவு சிக்கனக் குடும்பமாக இருந்தாலும் இந்த ஒரு செலவைத் தவிர்க்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எழும்பூர் நிலையத்துக்கு எதிரில், காந்தி இர்வின் சாலையிலும் கென்னட் சந்திலும் தங்கும் விடுதிகள் நெருக்கமாக இருக்கின்றன. நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் இன்னும் 24 மணி நேரக் கணக்கு வழக்கத்தில் உண்டு. அதாவது காலை ஆறு மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை ஆறு வரை அந்த அறை உங்களுடையது. நண்பகல் பன்னிரண்டுக்குக் காலி செய்யச் சொல்லும் விடுதிகளும் இருப்பதால், பணம் கட்டுமுன் இதை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தின் ஓய்வறைகளும் உண்டு. உங்கள் ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்தில் முன்பதிவு செய்யலாம். குழந்தையைக் குளிப்பாட்டவும், மதியம் படுக்கவைக்கவும், துணி மாற்றவும், அப்பா அம்மா காலை நீட்டவும் கதவு சாத்திய ஓரிடம் இருந்துவிட்டால் இருபது மணி நேரம் என்பது பாதியாகக் குறைந்துவிடும்.

இனி அப்பாவின் பட்டியல். வண்டலூரை எடுத்துவிடச் சொல்லுங்கள். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அருமையான இடம், சந்தேகமில்லை. ஆனால் 600 எக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் காட்டுப்பகுதி அது. எழும்பூரிலிருந்து போய்த் திரும்பவே நாளின் பெரும்பகுதி கரையும். இரண்டே கால் வயதுப் பிள்ளைக்குத் தூரத்தில் மரநிழலில் படுத்திருக்கும் சிங்கமும் பக்கத்தில் ஓடும் அணிலும் ஒன்றுதான். பல சமயம் அணிலே மேல். தியாகராய நகரும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பிள்ளை நாள் முழுக்கப் பெரியவர்களின் முழங்கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். என் மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது இதே போன்றதொரு நாளில், குழந்தை ஓடியாடிக் களைத்துவிட்டால் விமானத்தில் அயர்ந்து தூங்கிவிடும் என்று எண்ணி, காலை முதல் மாலை வரை ஓரிடம் விடாமல் அழைத்துக்கொண்டு திரிந்தேன். மதியத் தூக்கமும் தவறிப்போயிற்று. மாலை ஏழு மணிக்கு டாக்சியில் ஏறியதும் தோளில் சரிந்து தூங்கியவள், விமான நிலையத்தின் வெளிச்சத்திலும் இரைச்சலிலும் பத்து மணிக்கு விழித்துக்கொண்டு, விடியும் வரை தூங்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை எளிதில் தூங்காது, அழுதுகொண்டே விழித்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அன்றைய நாளின் அச்சாணி மதியத் தூக்கம்தான். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரவில் பறிபோகப் போகும் தூக்கத்தில் ஒரு பங்கை மதியமே கொடுத்துவிட வேண்டும்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் நீண்ட தூக்கம் என்று நாளை அமையுங்கள். காலைக்கு என் பரிந்துரை கிண்டி சிறுவர் பூங்கா. 2024இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டி, நகரத்துக்குள்ளேயே மானும் குரங்கும் பறவைகளும் கிட்டத்தில் தெரிகிற இடம். நிழலும் உண்டு, விளையாடச் சாதனங்களும் உண்டு. பக்கத்திலேயே பாம்புப் பண்ணை இருக்கிறது என்றாலும் உங்கள் பிள்ளையின் வயதுக்கு அது அவசியமில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எழும்பூரிலேயே தாம்பரம் போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் கிண்டியில் இறங்கி ஆட்டோவில் போய்விடலாம். அலுவலக நெரிசல் தணிந்த பிறகு, ஒன்பதரை மணிவாக்கில் ஏறுங்கள். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை என்று ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்பதும் கிளம்புவதும், எதிர்த்திசை வண்டி கடகடவென்று கடப்பதும் உங்கள் மகனுக்குப் பூங்காவைவிடப் பெரிய கேளிக்கையாக இருக்கும். தாத்தாவின் கை எப்போதும் பிள்ளையின் இடுப்பைச் சுற்றியே இருக்கட்டும். வாசலோரம் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் வரும் நாள் செவ்வாயாக இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1851இல் தொடங்கிய நிறுவனம் அது. பாந்தியன் சாலையில், அறையிலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் போய்விடலாம். சிலைகளையும் செப்பேடுகளையும் பார்க்கும் ஆசை உங்களுக்கு இருந்தாலும் இம்முறை அடக்கிக்கொண்டு, விலங்கியல் பகுதியில் உள்ள பெரிய எலும்புக்கூடுகளை மட்டும் பிள்ளைக்குக் காட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சிவப்புக் கட்டடங்களுக்கு இடையே மரங்கள் நிற்கும் அந்த வளாகமே அவனுக்குப் போதும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆக, இரண்டில் ஒன்று எந்த நாளிலும் திறந்திருக்கும்.

எங்கே போனாலும் பன்னிரண்டு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். சாப்பாடு கொடுத்து, உடம்பைத் துடைத்து, சன்னல் திரையை இழுத்துவிட்டு, எல்லோருமாகப் படுங்கள். நீங்கள் படுக்காமல் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தால் அவனும் படுக்க மாட்டான். ஒரு மணிக்குத் தூங்கியவனை வழக்கம்போல் மூன்று மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. நான்கு வரைகூடத் தூங்கட்டும். வீட்டில் தலைக்கு வைக்கும் பழைய துணியோ போர்வையோ இருந்தால் கட்டாயம் எடுத்து வாருங்கள், துவைக்காமல். அந்த வாசனை புது இடத்தையும் வீடாக்கிவிடும்.

மாலைக்கு மெரினா சரிதான், அப்பாவின் பட்டியலில் அதை விட்டுவைப்போம். ஆனால் ஐந்து மணிக்கு முன்னால் போனால் மணல் சுடும். சாலையிலிருந்து நீர் வரை மணற்பரப்பு மிக அகலம் என்பதால் போகும்போதும் வரும்போதும் யாராவது பிள்ளையைத் தூக்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் சாலையோரத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொள்ளட்டும். அலையில் கால் நனைப்பது பெரியவர்கள் தூக்கி வைத்திருக்கும்போது மட்டும்தான். சென்னைக் கடலின் இழுவை அமைதியாகத் தெரியும் நாளிலும் ஆபத்தானது. பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நினைவு மண்டபம், 1930இல் அங்கே பிறரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரைவிட்ட டென்மார்க் நாட்டுக் கடலோடி ஒருவருக்காக எழுப்பப்பட்டது. நீந்தத் தெரிந்த கடலோடிக்கே அந்த நிலை. ஈர மணலும், ஒரு காலி டப்பாவும், ஒரு கரண்டியும் இருந்தால் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பட்டாணி சுண்டல் வாங்கினால் அவனுக்கு மசித்துக் கொடுங்கள். வேர்க்கடலை முழுசாக வேண்டாம், இந்த வயதில் அது மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளக்கூடியது.

மழை பிடித்துக்கொண்டாலோ வெயில் தாங்கவில்லை என்றாலோ கடற்கரைக்குப் பதிலாக மெட்ரோ ரயிலில் ஏறிவிடுங்கள். எழும்பூர் ரயில் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம் இருக்கிறது. நகரும் படிக்கட்டு, மின்தூக்கி, தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு என்று ஒவ்வொன்றும் அவனுக்கு வேடிக்கைதான். கோயம்பேடு வழியாகப் போகும் தடத்தில் திருமங்கலம் தாண்டியதும் வண்டி சுரங்கத்தின் இருட்டிலிருந்து சட்டென்று வெளிச்சத்துக்கு ஏறி, வீடுகளின் மேல்மாடிக்குச் சமமாக ஓடும். அந்தக் கணத்தில் உங்கள் மகன் முகத்தைப் பாருங்கள். ஆலந்தூரில் மாறி விமான நிலையம் வரை போய்த் திரும்பினால், மீனம்பாக்கம் தாண்டும்போது தரையில் நிற்கும் விமானங்களையும் காட்டலாம். "ராத்திரி நாம் இதில்தான் ஏறப்போகிறோம்" என்று சொல்லிவைக்கலாம். முன்பே கண்டுவிட்ட பொருளிடம் பிள்ளைக்கு இரவில் பயம் குறைவாக இருக்கும்.

ஏழு மணிக்குள் அறைக்கு வந்து, மணல் போகக் குளிப்பாட்டி, இட்லியோ இடியாப்பமோ கொடுத்து, தூங்கப் போகும் உடையையே போட்டுவிடுங்கள். அவன் வழக்கமான நேரத்தில் தூங்கிவிட்டால் தடுக்காதீர்கள். சர்வதேச விமானங்களின் கவுன்டர் பொதுவாக மூன்று மணி நேரம் முன்பு திறக்கும். ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடும். எனவே ஒன்பதரைக்கு டாக்சியில் கிளம்பினால் போதும். கனமான பெட்டிகளோடு இரவில் மெட்ரோ வேண்டாம். தூங்கும் பிள்ளையை அலுங்காமல் கொண்டுபோனாலும் பாதுகாப்புச் சோதனையில் தள்ளுவண்டியிலிருந்து தூக்கியே ஆக வேண்டும், அங்கே விழித்துக்கொள்வான். அதற்காக வருந்தாமல், அதற்கென்றே நாள் முழுக்கக் கண்ணில் காட்டாத இரண்டு சின்னப் பொருள்களை உங்கள் கைப்பையில் ஒளித்து வையுங்கள். மூடி திருகித் திறக்கும் டப்பா ஒன்று, ஒட்டிப் பிரிக்கும் படங்கள் ஒரு தாள் போதும். குழந்தைக்கான பாலும் உணவும் 100 மில்லி வரம்புக்குள் அடங்க வேண்டியதில்லை. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம், சோதிப்பவரிடம் எடுத்துக் காட்டினால் போதும்.

இன்னும் ஒன்று. அன்று காலை அணிவித்த உடையோடு பிள்ளையை ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பைக்குள் உங்கள் எண்ணும் அப்பாவின் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். எழும்பூர் நிலையத்திலும் மெரினாவிலும் ஒரு நிமிடக் கவனக்குறைவு போதும்.

கேள்வி: எங்கள் மகளுக்கு மூன்று வயது. இரவு 2 மணி விமானத்தில் சிங்கப்பூர் போகிறோம். கிளம்புமுன் சளி மருந்து ஒரு மூடி கொடுத்தால் நிம்மதியாகத் தூங்கிவிடும் என்று நெருங்கிய உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். தம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கொடுத்தாராம். கொடுக்கலாமா? விமானத்தில் காது வலிக்கும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கொடுக்காதீர்கள். தூங்கவைப்பதற்காக மருந்து கொடுப்பது எந்த வயதுக் குழந்தைக்கும் தவறு. இந்த வயதில் ஆபத்தும்கூட. சளி மருந்துகளில் பரவலாகச் சேர்க்கப்படும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று புட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. உறவினர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். அவர் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாமல் போனது அவர்களுடைய நல்வாய்ப்பு. சில குழந்தைகளுக்கு இவ்வகை மருந்து தூக்கத்தைத் தராமல் நேர்மாறாகப் பரபரப்பைத் தருவதும் உண்டு. தரையிலிருந்து பல ஆயிரம் அடி உயரத்தில், மருத்துவமனை எட்டாத இடத்தில், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஏதேனும் வழக்கமாக எடுத்துக்கொண்டிருந்தால் அதை மட்டும் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காது வலி விமானம் ஏறும்போதும், அதைவிட அதிகமாக இறங்கும்போதும் வரும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதைப் போல வைக்கப்படுகிறது. இறங்கும்போது அழுத்தம் மீண்டும் கூடுவதால் செவிப்பறை உள்நோக்கி இழுபடும். எச்சில் விழுங்கும்போது தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழல் திறந்து அழுத்தம் சமமாகிவிடும். ஆகவே விழுங்கவைக்க வேண்டும், அவ்வளவுதான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால், உங்கள் மகளுக்கு உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர். இறக்கம் தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். தூங்கும் பிள்ளை அதிகம் விழுங்காது என்பதால், இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் மெதுவாக எழுப்பிவிடுங்கள். மூக்கடைப்போ காதில் சீழோ இருந்தால் புறப்படுமுன் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

கேள்வி: சுற்றுலாவாகச் சிங்கப்பூர் போயிருக்கும் என் மகளும் மருமகனும் இரண்டு வயதுப் பேரனோடு அடுத்த வாரம் திரும்புகிறார்கள். விடுதியைக் காலை பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டுமாம். விமானமோ இரவு பதினொன்றுக்கு. அந்த ஊரில் நீங்கள் சில காலம் இருந்ததாக முன்பொரு முறை எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குச் சொல்ல யோசனை உண்டா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இந்த விஷயத்தில் சிங்கப்பூரைப் போல ஒத்துழைக்கும் ஊர் அரிது. பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போக அனுமதி கேட்கலாம், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். காலையில் தாவரவியல் பூங்கா. 1859இல் உருவாக்கி, 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பூங்கா அது. அதன் புக்கிட் தீமா சாலை ஓரத்தில் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் என்று குழந்தைகளுக்கே தனியாக ஒன்றிருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. எம்.ஆர்.டி. என்ற அந்த ஊர் நகர ரயிலில் ஏறி, தாவரவியல் பூங்கா நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம், தள்ளுவண்டியை மடக்காமலே ரயிலில் ஏற்றலாம். திங்கட்கிழமை அந்தத் தோட்டத்துக்கு விடுமுறை என்பதால், புறப்படும் நாள் திங்களாக இருந்தால் பெரிய பூங்காவின் புல்வெளியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீரில் ஆடவிட மரினா பே பகுதியிலும் ஒரு சிறுவர் தோட்டம் உண்டு என்றாலும், ஒரே நாளில் இரண்டையும் செய்ய முற்பட வேண்டாம்.

பிற்பகலில் அங்கே இடியோடு மழை கொட்டுவது சாதாரணம். அதற்குள் சிராங்கூன் சாலைப் பக்கம் வந்து, அங்குள்ள தெக்கா சந்தையில் சோறும் ரசமும் கிடைக்கிற கடையில் பேரனுக்கு ஊட்டிவிட்டு, பெட்டிகளை எடுத்துக்கொண்டு நேராகச் சாங்கி விமான நிலையத்துக்குப் போய்விடச் சொல்லுங்கள். மாலை நான்கு மணிக்கே விமான நிலையமா என்று மருமகன் வியக்கக்கூடும். 2019இல் திறந்த ஜுவல் என்ற கண்ணாடிக் கட்டடம் அங்கேதான் இருக்கிறது. உள்ளே காடு போல வளர்த்த மரங்களுக்கு நடுவில் 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது; கட்டடத்துக்குள் அமைந்த அருவிகளில் உலகிலேயே உயரமானது அதுதான். குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருப்பதால் யாரும் போகலாம். அருவியைப் பார்க்கக் கட்டணமில்லை; மேல்தளத்து விளையாட்டுப் பகுதிக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். இருட்டியதும் அருவியின் மீது விளக்கொளிக் காட்சி நடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போனால் நேரம் சரியாக இருக்கும். சில விமான நிறுவனங்களின் பயணிகள் முன்கூட்டியே பெட்டிகளை ஒப்படைத்துவிடலாம். தங்கள் நிறுவனத்துக்கு அந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளட்டும். இல்லாவிட்டாலும் கட்டணம் கட்டிப் பெட்டி வைக்கும் இடம் இருக்கிறது.

மதியத் தூக்கம் பேரனுக்கு எங்கே கிடைக்கும் என்பதுதான் இதில் குறை. தள்ளுவண்டியில் படுக்கவைத்து, மெல்லிய துணியைக் காற்றுப் போகுமாறு மேலே தொங்கவிட்டு, எம்.ஆர்.டி. பயணத்திலேயே தூங்கவிட வேண்டும். அவன் விழிக்கும் வரை தாய் தந்தையரும் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது நல்லது. பேரனுக்கு இரண்டு வயது எப்போது நிறைந்தது என்பதையும் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது மடியில் வந்த பிள்ளைக்கு இடையில் இரண்டு நிறைந்திருந்தால், திரும்பும்போது தனி இருக்கை எடுத்தாக வேண்டும். கடைசி நேரத்தில் கவுன்டரில் இது தெரியவந்தால் பெரும் அலைச்சல்.

கேள்வி: எனக்கு வயது 68. அடுத்த மாதம் என் மகளும் மூன்று வயதுப் பேத்தியும் சென்னையிலிருந்து இரவு விமானத்தில் வெளிநாடு திரும்புகிறார்கள். அன்று பகல் முழுவதும் மகளுக்குப் பத்திர அலுவலக வேலை இருப்பதால் பேத்தி என் பொறுப்பில், விடுதி அறையில். கைப்பேசியைக் கொடுத்தால் அமைதியாக இருக்கிறாள், பிடுங்கினால் அழுகிறாள். எனக்கு அதிகம் நடக்க முடியாது. அவளை எப்படி மகிழ்ச்சியாக வைத்திருப்பது?
– ஒரு தாத்தா, மதுரை

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். கைப்பேசியைக் காலையிலேயே கொடுத்துவிட்டால் மாலையில் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதை இரவுக்காகச் சேமித்து வையுங்கள். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த நெறிமுறை சொல்கிறது. அந்த ஒரு மணி நேரம் விமானத்தில் மகளுக்குக் கைகொடுக்கட்டும்.

நடக்க முடியாதது இந்த வயதுப் பிள்ளையோடு விளையாடக் குறையே இல்லை. பேத்தியின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, ஐந்து விரல்களுக்கும் உறவுமுறை சொல்லிச் சோறு பங்கிட்டு, மிச்சத்தைக் கழுவிவிட்டு, மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை நண்டு ஊரவிடும் விளையாட்டு உங்களுக்குத் தெரியாததா? ஒரு முறை விளையாடினால் இருபது முறை கேட்பாள். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரும், ஒரு குவளையும், ஒரு வடிகட்டியும் வைத்து, நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டால் அரை மணி நேரம் ஓடும். வாளித் தண்ணீரோடு பிள்ளையை ஒரு நொடியும் தனியே விட வேண்டாம், முடிந்ததும் கொட்டிவிடுங்கள். சாலையைப் பார்த்த சன்னல் உள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள், கம்பி போட்டிருக்கிறதா என்று பார்த்து. போகிற பேருந்தெல்லாம் அவளுக்கு, ஆட்டோவெல்லாம் உங்களுக்கு என்று எண்ணத் தொடங்கினால் யாருக்கு எத்தனை என்பதில் சண்டையே வரும். அவள் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்த குறும்புகளைச் சொல்லுங்கள். அந்தக் கதை உலகத்தில் வேறு எங்கும் அவளுக்குக் கிடைக்காது.

கொஞ்சம் வெளிக்காற்று வேண்டுமானால் ஆட்டோவில் ஏறி இறங்கும் தூரத்தில் உள்ள பூங்கா ஒன்று போதும். மயிலாப்பூர்ப் பக்கம் தங்கினால் லஸ் சர்ச் சாலையில் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது. உட்காரப் பெஞ்சும் பிள்ளைகள் விளையாட இடமும் உண்டு. கதீட்ரல் சாலைப் பக்கமானால் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்கா. ஒரு காலத்தில் காரில் உட்கார்ந்தபடியே காபி குடிக்கும் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடம் அது. உங்கள் தலைமுறையில் பலர் நினைவு வைத்திருப்பார்கள். மாநகராட்சிப் பூங்காக்களை நண்பகலில் மூடிவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருப்பதால் காலை பத்துக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் போங்கள். கோட்டூர்புரம் அருகில் என்றால் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனித்தளம் இருக்கிறது. நடுவில் செயற்கை மரம் ஒன்றை எழுப்பி, அதைச் சுற்றிப் படப்புத்தகங்களை அடுக்கியிருக்கிறார்கள். குளிர்சாதன வசதி உண்டு, மின்தூக்கி உண்டு, நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே அவள் நூறு புத்தகங்களைப் புரட்டலாம். வெயில் நாளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் இல்லாதவர்கள் வழக்கமாக முனையத்துக்குள் போக முடியாது. வாசலில் பாதுகாப்பு வீரர்கள் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்தே உள்ளே விடுவார்கள். நாள் முழுக்கத் தாத்தாவின் கையைப் பிடித்திருந்த குழந்தைக்கு அந்த வாசலில் திடீரென்று கை விடுபட்டால் அழுகை அடங்காது, உங்கள் மகளோ ஒரு கையில் பெட்டியும் மறு கையில் காகிதங்களுமாக நிற்பாள். எனவே மாலையிலேயே பேத்தியிடம், "தாத்தா வாசல் வரைக்கும்தான் வருவேன், உள்ளே அம்மாவும் நீயும் போவீர்கள்" என்று இரண்டு மூன்று முறை சொல்லிவையுங்கள். கொஞ்சுவதையும் முத்தம் கொடுப்பதையும் டாக்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்குட்டையை அவளிடம் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள் என்று பொறுப்பு ஒப்படையுங்கள். அவர்கள் உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவள் திரும்பிப் பார்த்தால் தெரிகிற இடத்தில், கவுன்டர் வரிசைக்கு அவர்கள் போய்ச் சேரும் வரை நில்லுங்கள். அந்த இடம் எது என்று டாக்சியை விட்டு இறங்கியவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.